ஆவி பிடித்த பூங்கா

காலை ஐந்தரைக்கே பூங்கா வாசலில் வரிசை நின்றுவிடும். இருமல்காரர்கள், இளைப்புக்காரர்கள், மூக்கடைப்புக்காரர்கள். இருமல் இனிமேல் வரலாம் என்று முன்யோசனையோடு வந்தவர்கள். ஒரு வியாதியும் இல்லாமல், பக்கத்து வீட்டார் போகிறார்களே, நமக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று வந்தவர்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் அறிவியல் ஆசிரியர்கூட வந்தார். அவர் மட்டும் கடைசி வரிசையில், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்காருவார். விஞ்ஞானத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதல்லவா.

எல்லோரும் ஆவி பிடிக்க வந்தவர்கள். நம் மொழியில் ஆவி பிடிப்பது இரண்டு வகை. மூக்கடைத்தவர் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் குனிந்து, போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆவியைப் பிடிப்பது ஒன்று. ஆவி வந்து மனிதரைப் பிடித்துக்கொள்வது மற்றொன்று. முதலாவதற்குப் போர்வை போதும். இரண்டாவதற்கு ஓட்டுவதற்கு ஆள் தேட வேண்டும். அந்தப் பூங்காவில் இரண்டும் ஒரே இடத்தில், ஒரே சமயத்தில் நடந்தன.

ஆறு மணிக்கு ஆவி ஐயா வருவார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளை உடை, தோளில் ஊதாத் துண்டு. புல்வெளியின் ஒரு முனையில் இருந்த சிமென்ட் மேடையில் ஏறி நிற்பார். கண்ணை மூடுவார். முந்நூறு பேரும் மூச்சை அடக்குவார்கள். சரியாக ஆறு மணி பத்து நிமிடத்துக்கு இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்துவார். உடனே புல்வெளியைச் சுற்றியிருந்த செடிவேலியின் அடியிலிருந்து 'உஸ்' என்று வெண்புகை கிளம்பும். புகை இல்லை, தூசியைவிடப் பொடியான நீர்த்துளிகள். அது அப்படியே மிதந்து வந்து உட்கார்ந்திருப்பவர்களை மூடும்.

"இழுங்க" என்பார் ஆவி ஐயா. "பூமியோட மூச்சு இது. உங்க மூச்சோட கலக்கட்டும். நல்லா அடிவயிறு வரைக்கும் இழுங்க."

முந்நூறு பேரும் அடிவயிறு வரைக்கும் இழுப்பார்கள்.

தொடக்கத்தில் ஒருவர் மட்டும் கேட்டார். "ஐயா, வேலிக்கு அடியில குழாய் தெரியுதே?"

ஆவி ஐயா கோபப்படவில்லை. "குழாய் இருக்கு. யாரு இல்லைன்னா? தண்ணி குழாய்லதான் வரும். ஆனா எப்ப வரணும்னு தண்ணிக்குச் சொல்றது யாரு?"

கேட்டவர் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து இழுத்தார். மறுநாள் முன்வரிசைப் பாய் வாங்கினார். முன்வரிசைப் பாய்க்குத் தனிக் காணிக்கை உண்டு. அங்கேதான் மூச்சு அடர்த்தியாக இருக்கிறது என்று ஆவி ஐயாவே சொல்லியிருந்தார். அதோடு ஓர் ஊதாத் துண்டும் வாங்க வேண்டும்.

"ஏன் ஐயா ஊதா?" என்று கேட்டார் ஓர் அம்மா.

"ஊதறதால ஊதா" என்றார் ஆவி ஐயா. "அந்தக் குழாய் என்ன நிறம்னு பாருங்க."

பார்த்தார்கள். குழாயும் ஊதாதான். கூட்டத்துக்கு மெய்சிலிர்த்தது.

குழாய்க்கு ஏன் ஊதா அடித்திருக்கிறது என்று தெரிந்தவர் அந்தப் பூங்காவில் ஒருவர்தான். பம்ப் அறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்பவர். எல்லோரும் வால்வு அக்கா என்று கூப்பிடுவார்கள். ஊதா என்றால் குடிநீர்க் குழாயோடு தப்பித் தவறிக்கூட இணைத்துவிடாதே என்று பொருள். பூங்காவுக்குப் பின்னால் மதில் ஒன்று. மதிலுக்குப் பின்னால் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். ஊரார் முந்தாநாள் கழிப்பறையிலும் குளியலறையிலும் விட்டு மறந்த தண்ணீர் அங்கே வரும். மண்டி இறங்கும். காற்று ஊதுவார்கள். மணலில் வடிகட்டுவார்கள். கடைசியில் கிருமி சாக குளோரின் போடுவார்கள். பிறகு அது பூங்காத் தொட்டிக்கு வந்து, ஊதாக் குழாய் வழியாகப் புல்லுக்குப் போகும். புல் குறை சொன்னதில்லை.

முன்பெல்லாம் இந்தத் தண்ணீரை யாரும் இல்லாத நேரத்தில், நடுராத்திரி இரண்டு மணிக்குத்தான் விடுவார்கள். புதிதாக வந்த பூங்கா மேலாளருக்கு அது பிடிக்கவில்லை.

"ராத்திரி ரெண்டு மணிக்கு நாம வேலை செய்யறதை யாரும்மா பாக்கறா?" என்றார். டைமரைக் காலை ஆறு பத்துக்கு மாற்றச் சொன்னார். தண்ணீர் பீய்ச்சும் பழைய குழாய் முனைகளைப் பிடுங்கிவிட்டு, பனிபோல் தூவும் முனைகளாக மாட்டச் சொன்னார். பார்க்க அழகாக இருக்குமாம்.

"சார், இந்தத் தண்ணியை ஆளுங்க நடமாடற நேரத்துல தூத்தக் கூடாது" என்றாள் வால்வு அக்கா.

"எழுதிக் கொடுங்க, பாக்கலாம்" என்றார் மேலாளர். எழுதிக் கொடுத்தாள். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு கோப்பில் வைத்தார்.

ஆவி ஐயா அதற்கு முன் வீடு வீடாக அறை வாசனைத் திரவம் விற்றுக்கொண்டிருந்தவர். வியாபாரம் படுத்துப்போன காலத்தில் இந்தப் பூங்கா பெஞ்சில்தான் பொழுதை ஓட்டினார். தினமும் ஆறு பத்துக்கு முகத்தில் சாரல் அடித்து அவரை எழுப்பியது. வேறு யாராக இருந்தாலும் பெஞ்சை மாற்றியிருப்பார்கள். அவர் தொழிலை மாற்றினார்.

இரண்டே மாதத்தில் கூட்டம் பெருகியது. மேலாளர் மேலதிகாரிகளைக் கூட்டிவந்து காட்டினார். அப்போதுதான் ஆவி ஐயா ஒரு சின்னக் குறை சொன்னார். மூச்சில் மருந்து நெடி அடிக்கிறது, பக்தர்களுக்குக் கண் எரிகிறது என்றார். மேலாளர் பம்ப் அறைக்கு வந்தார்.

"குளோரினை நிறுத்திடும்மா."

"சார், அதை நிறுத்தினா தண்ணி வெறும் தெளிவாத்தான் இருக்கும். சுத்தமா இருக்காது."

"தெளிவா இருந்தா சுத்தம்தானே?"

"இல்ல சார். மிச்சம் இருக்கற கிருமி தொட்டியில வளரும். வெயில்ல குழாய் சூடாகி உள்ள வழவழன்னு பாசி பிடிக்கும். அந்தப் பாசிக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும்."

"எழுதிக் கொடுங்க" என்றார் மேலாளர். குளோரின் பம்பின் சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

வால்வு அக்கா குடியிருந்தது அண்ணன் வீட்டு மாடியில். அண்ணன் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் புகையைக் குடித்த நெஞ்சு. அவர் ஊதிய புகை பாதி, பஸ் ஊதிய புகை பாதி. படி ஏறினால் இளைக்கும். அவரை ஆவி ஐயாவிடம் இழுத்துக்கொண்டு போனவள் அண்ணி. அவர் வரமாட்டேன் என்றார். "உங்களுக்கு எதுலதான் நம்பிக்கை இருக்கு" என்று அண்ணி கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பயந்தே போனார். முன்வரிசைப் பாய்.

"அண்ணி, அது சாக்கடையைச் சுத்தம் பண்ணின தண்ணி. புல்லுக்கு விடறது. அண்ணனை அங்க உக்கார வைக்காதீங்க."

"உன் கண்ணுக்கு எல்லாம் சாக்கடைதான். தினம் அதுலயே கிடக்கறல்ல."

அதோடு பேச்சு முடிந்தது.

குளோரினை நிறுத்திய ஐந்தாவது வாரம் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று இரண்டு நாள் விட்டார்கள். மூன்றாம் நாள் உடம்பு அனலாகக் கொதித்தது. இருமல் நிற்கவில்லை. பேச்சு குழறியது. அண்ணியைப் பார்த்து, "டிக்கெட் எடுத்தாச்சா" என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

நுரையீரல் டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வலப்பக்கம் பாதி வெள்ளையாக இருந்தது.

"இவர் சமீபத்துல தண்ணி தூத்தற இடம் எங்கயாவது போனாரா? ஃபவுண்டன், பெரிய ஏசியோட கூலிங் டவர், அந்த மாதிரி?"

"தினம் காலைல பூங்காவுல ஆவி பிடிக்கப் போவாரு டாக்டர்" என்றாள் அண்ணி. "அதனாலதான் இந்த அளவோட நின்னுச்சு."

டாக்டரம்மா படத்தைக் கீழே வைத்தார்.

"இந்த வாரம் இந்த வார்டுக்கு இதே மாதிரி வந்ததுல இவர் நாலாவது ஆள். நாலு பேர் தலைமாட்டுலயும் ஊதாத் துண்டு இருக்கு."

சிறுநீரைச் சோதித்ததில் அன்றைக்கே தெரிந்துவிட்டது. லெஜியோனெல்லா என்று ஒரு கிருமி. டாக்டரம்மா வால்வு அக்காவைத் தனியே கூப்பிட்டு விளக்கினார். வெதுவெதுப்பான தண்ணீரில், தொட்டியில், குழாய்ப் பாசியில் அது வளரும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ளாது. பொடித்துளியாக மூச்சில் புகுந்து, நெஞ்சின் ஆழம்வரை போக வேண்டும்.

"சும்மா நடந்து போறவங்களுக்கே சமயத்துல வந்துடும்" என்றார் டாக்டரம்மா. "இங்க வயசானவங்களா, நெஞ்சு கெட்டவங்களாப் பாத்து வரிசையா உக்கார வெச்சு, அடிவயிறு வரைக்கும் இழுக்கச் சொல்லியிருக்காங்க. கிருமியே திட்டம் போட்டிருந்தாலும் இவ்வளவு நல்லா வந்திருக்காது."

வால்வு அக்கா தொட்டித் தண்ணீரை எடுத்துவந்து ஆய்வுக்குக் கொடுத்தாள். முடிவு வரப் பத்து நாளாகும் என்றார்கள். டாக்டரம்மா சுகாதார அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். ஆய்வு முடிவு வந்த பிறகு பரிசீலிக்கலாம் என்று அவர்கள் பதில் எழுதினார்கள். பதில் மட்டும் அன்றைக்கே வந்துவிட்டது.

மறுநாள் காலை வால்வு அக்கா யாரையும் கேட்கவில்லை. வால்வை மூடினாள். ஆறு பத்துக்கு ஆவி ஐயா கை உயர்த்தினார். ஒன்றும் வரவில்லை. அவர் கண்ணைத் திறந்து, துயரத்தோடு சொன்னார்: "யாரோ பூமித்தாயோட கழுத்தை நெரிக்கறாங்க."

கூட்டம் பம்ப் அறைக்கு வந்து கதவைத் தட்டியது. மேலாளர் ஓடி வந்து வால்வைத் திறக்க வைத்தார். கையோடு ஒரு மெமோவும் கொடுத்தார். அன்று ஆவி ஐயா நல்லோருக்கு வரும் சோதனைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அடுத்த நாள் கூட்டம் நானூறு. ஆஸ்பத்திரியில் அண்ணி, "நீ நடுவுல மூடினதாலதான் அவருக்கு இன்னும் காய்ச்சல் இறங்கல" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வால்வை மூடினால் ஐயா தியாகி ஆகிறார். திறந்தால் ஜனங்கள் நோயாளி ஆகிறார்கள். வால்வு அக்கா அன்று பகல் முழுவதும் யோசித்தாள். பிறகு மேலாளரின் மெமோவை மறுபடி எடுத்துப் படித்தாள். 'தினமும் ஆறு மணி பத்து நிமிடத்துக்கு நீர் தூவப்பட வேண்டும்' என்று இருந்தது. எந்த நீர் என்று இல்லை.

தொட்டியைக் காலி செய்தாள். உள்ளே இறங்கித் தேய்த்தாள். விரலில் சாம்பல் நிறத்தில் வழவழவென்று வந்தது. குளோரின் பொடியைக் கையாலேயே கரைத்து, குழாய்கள் முழுக்க நிறைத்து ஊறவிட்டு அலசினாள். குடிநீர்க் குழாயை இழுத்து இணைத்திருந்தால் வேலை சுலபம். ஆனால் அவள் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. தெரிந்த டேங்கர்காரரிடம் சொல்லி, மூன்று நாளைக்கு வேண்டிய நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினாள். இனி எத்தனை இழுத்தாலும் நனைவதோடு போகும்.

பிறகு, மெமோவில் இருந்த நேரம் ஒருபுறம் இருக்கட்டும் என்று டைமரில் கை வைத்தாள்.

முதல் நாள் ஏழு நிமிடம் தள்ளி வைத்தாள். ஆறு பத்துக்கு ஆவி ஐயா கை உயர்த்தினார். காத்திருந்தார். இரண்டு நிமிடத்தில் முழங்கை மடங்கியது. நாலு நிமிடத்தில் நெற்றி வியர்த்தது. ஏழாவது நிமிடம் அவர் கையைக் கீழே போட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது புகை கிளம்பியது. பாதித் துடைப்பில் கையைத் தூக்கினார்.

"உங்க பொறுமையைச் சோதிச்சேன்" என்றார்.

கூட்டம் தன் பொறுமையை நினைத்துப் பெருமைப்பட்டது. ஒருவர்கூட எழுந்து போகவில்லையே.

இரண்டாம் நாள் பத்து நிமிடம் முன்னே வைத்தாள். ஆறு மணிக்கே புகை வந்துவிட்டது. மேடை காலியாக இருந்தது. ஆவி ஐயா அப்போது வாசல் தேநீர்க் கடையில், ஒரு கையில் கிளாசும் மறு கையில் பன்னுமாக நின்றிருந்தார். வால்வு அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு முடிந்தது கதை என்று நினைத்தாள்.

ஆவி ஐயா வாயைத் துடைத்துக்கொண்டு நிதானமாக உள்ளே வந்தார். "அங்க இருந்தே கூப்பிட்டேன்" என்றார்.

"கேட்டீங்களா, கடையில இருந்தே கூப்பிட்டிருக்காரு" என்று முன்வரிசை பின்வரிசைக்குச் சொன்னது. "கையைக்கூடத் தூக்கலையாம். பன்னு வெச்சிருந்தாராம்."

அன்று துண்டு விற்பனை இரட்டிப்பானது.

ஒரு விஷயம் அப்போதுதான் வால்வு அக்காவுக்குப் புரிந்தது. ஐயா தோற்பதை இவர்கள் பார்த்தால் போதாது. பார்க்கிற கண்ணையே ஐயா வாடகைக்கு எடுத்திருக்கிறார். விரலால் தொட்டால்தான் உண்டு.

அன்று மாலை ஆஸ்பத்திரிக்குப் போனாள். அண்ணனுக்குப் புதிய மருந்து ஏறிக்கொண்டிருந்தது. காய்ச்சல் சற்று இறங்கியிருந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் அண்ணி.

"அண்ணி, நான் ஒண்ணும் சொல்ல வரல. நாளைக்குக் காலைல ஒரு அரை மணி நேரம் பம்ப் ரூம்ல வந்து உக்காருங்க. நான் எதையும் தொடமாட்டேன். ஸ்விட்ச் உங்க கையில. நீங்களே பாருங்க. அதுக்கு அப்புறமும் அவர் பெரிய ஆளுதான்னு தோணுச்சுன்னா, நானே ஒரு துண்டு வாங்கிப் போட்டுக்கறேன்."

"எனக்கு எதையும் பாக்க வேண்டாம்."

ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து அண்ணன் கரகரத்த குரலில் சொன்னார்: "போய்த்தான் பாரேன்."

நாலு நாளாக அவர் தெளிவாகப் பேசிய முதல் பேச்சு அது. அண்ணியால் தட்ட முடியவில்லை.

பம்ப் அறை சின்னது. ஒரு ஸ்டூல், ஒரு மின்விசிறி, சுவரில் இரும்புப் பெட்டி. பெட்டியில் டைமர், அதன் கீழே ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான். வால்வு அக்கா டைமரின் ஒயரைக் கழற்றி அண்ணியின் கையில் கொடுத்தாள்.

"பச்சை ஓட விடும். சிவப்பு நிறுத்தும். அவ்வளவுதான்." சொல்லிவிட்டுச் சுவரோரம் போய்க் கைகட்டி நின்றாள்.

"நான் தொடமாட்டேன்" என்றாள் அண்ணி. "அவர் கூப்பிட்டா தானா வரும்."

ஆறு பத்து. மேடையில் ஆவி ஐயா கை உயர்த்தினார். அண்ணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு எதையோ முணுமுணுத்தது. ஆறு பதினைந்து. ஆறு இருபது. புல்வெளியில் ஒரு துளி இல்லை. ஆவி ஐயா கையை இறக்கி, கூட்டத்தில் யார் மனதிலோ சந்தேகம் இருக்கிறது என்று விளக்கத் தொடங்கினார். விளக்கம் நீண்டது. நடுவில் கணுக்காலில் கொசு கடித்திருக்க வேண்டும். குனிந்து சொறிந்தார்.

அண்ணியின் விரல் பச்சைப் பொத்தானை அமுக்கியது.

உஸ் என்று புகை எழுந்தது. ஆவி ஐயா சொறிவதை விட்டுவிட்டுத் துள்ளி நிமிர்ந்து கையைத் தூக்கினார். கூட்டம் நெஞ்சு நிறைய இழுத்தது.

அண்ணி சிவப்பை அமுக்கினாள். புகை அடங்கியது. ஆவி ஐயாவின் கை ஆகாயத்தில் தனியாக நின்றது. ஆசீர்வாதம் செய்வதுபோல அதை மெல்ல இறக்கினார். அண்ணி பச்சையை அமுக்கினாள். கை மேலே போனது. சிவப்பு. கீழே வந்தது. பச்சை. மேலே. சிவப்பு. கீழே.

எட்டாவது முறை அண்ணி நிறுத்திவிட்டாள். அவள் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"வரமாட்டேன்னுதான் சொன்னாரு" என்றாள். "நான்தான் இழுத்துட்டு வந்தேன்."

வால்வு அக்கா ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். அண்ணி அதைக் குடிக்காமல் கீழே வைத்தாள். பிறகு எழுந்து, கதவைத் திறந்துகொண்டு நேராகப் புல்வெளிக்குப் போனாள். வரிசைகளுக்கு நடுவே நடந்து மேடைக்கு முன்னால் நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. இவ்வளவு நேரம் தண்ணியை விட்டது நான். பச்சைப் பொத்தான். நிறுத்தினதும் நான். சிவப்பு. தண்ணி இவர் சொன்னபடி கேக்கல. இவர்தான் தண்ணி சொன்னபடி கேக்கறாரு."

ஆவி ஐயா கனிவோடு சொன்னார்: "பாவம். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கிடக்கற வேதனையில பேசுது."

"ஆமா, கிடக்கறாரு. உங்க முன்வரிசையில உக்காந்துதான் கிடக்கறாரு. நான் சொல்றதை யாரும் நம்ப வேண்டாம். ரூம் திறந்திருக்கு. ஒரு ஆள் வந்து அமுக்கிப் பாருங்க."

யாரும் அசையவில்லை. நானூறு பேர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் கடைசி வரிசையிலிருந்து அறிவியல் ஆசிரியர் எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். முகம் தெரிந்தால் தெரியட்டும் என்று நடந்தார். உள்ளே போனார். புகை வந்தது. நின்றது. வந்தது. நின்றது. ஆவி ஐயாவுக்குப் பழக்கதோஷம். இரண்டு முறை கை தானாகப் பாதிவரை எழும்பியது. அதை எண்ணூறு கண்கள் பார்த்தன.

ஆசிரியர் வெளியே வந்தார். "நான் ஆறாம் வகுப்புக்கு இதைத்தான் சொல்லிக் கொடுக்கறேன்" என்றார். "ஸ்விட்ச்சு."

பிறகு பம்ப் அறை வாசலில் வரிசை நின்றது. இழுப்புக்காரர், இருமல்காரர், பக்கத்து வீட்டார் என்று ஒவ்வொருவராகப் போய் அமுக்கினார்கள். ஒவ்வொருவருக்கும் பூமித்தாய் தவறாமல் மூச்சு விட்டாள். ஒரு பெரியவர் இரண்டாம் முறையும் வரிசையில் வந்தார். நம்பாமல் இல்லை; பிடித்துப்போய்விட்டது.

ஆவி ஐயா மேடையிலிருந்து இறங்கப் பார்த்தார். ஆசிரியர் படியில் உட்கார்ந்துகொண்டார். "ஒரு சந்தேகம். காத்து எப்பவும் அந்தப் பக்கம் இருந்து இந்தப் பக்கம் அடிக்குது. மூச்சு எல்லாம் எங்க மேல வருது. உங்க மேடை மேல ஒரு துளிகூட வரலையே. உங்களுக்கு இருமலே வராதா?"

பதில் வருவதற்குள் வால்வு அக்கா மேடைக்குப் பின்னால் போனாள். 'மூச்சே மருந்து' என்று எழுதிய பெரிய பேனரை அவிழ்த்தாள். அதன் பின்னால் ஒரு தகரப் பலகை இருந்தது. 'சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர். குடிக்காதீர். தூவும்போது அருகில் நிற்காதீர்.'

"இந்த பேனரைக் கட்டினது நீங்கதானே ஐயா?"

"நான்தான்."

"கட்டும்போது பின்னாடி இருந்த போர்டைப் படிக்கத் தெரியலையா?"

ஆவி ஐயாவுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு நேரம் தாங்கிய மனிதரால் அதை மட்டும் தாங்க முடியவில்லை. "நான் ஒண்ணும் எழுதப் படிக்கத் தெரியாதவன் இல்லம்மா" என்றார். "பட்டப்படிப்பு முடிச்சவன்."

"அப்ப படிச்சிருக்கீங்க" என்றாள் வால்வு அக்கா.

ஆவி ஐயா தான் என்ன சொன்னோம் என்று யோசித்துப் பார்த்தார். முதல்முறையாக உண்மையிலேயே கண்ணை மூடினார்.

அதற்குப் பிறகு கூட்டம் கூட்டத்தின் வேலையைச் செய்தது. மாதக்கணக்கில் அமுதம் என்று இழுத்தவர்கள் ஒரே நொடியில் துப்பத் தொடங்கினார்கள். "சாக்கடையையா மோந்தோம்?" என்று ஒருவர் வேலியோரம் குனிந்து குமட்டினார். "அந்த நிலையத்தையே இடிச்சுத் தள்ளணும்" என்று இன்னொருவர் மதிலைப் பார்த்துக் கையை ஓங்கினார்.

"இடிச்சுட்டு நாளைக்குக் காலைல எங்க போவீங்க?" என்றாள் வால்வு அக்கா. ஓங்கிய கை இறங்கியது.

"தண்ணி மேல தப்பு இல்ல. கண்ணாடி மாதிரி இருக்குன்னு சுத்தம்னு நம்பினீங்க. இப்ப சாக்கடையில இருந்து வந்துச்சுன்னு அழுக்குங்கறீங்க. ரெண்டும் பாக்காமச் சொல்றதுதான். கிருமி கண்ணுக்குத் தெரியாது. எடுத்துட்டுப் போய் எண்ணிப் பாத்தாத்தான் தெரியும். மருந்து போட்டு, ஆள் இல்லாத நேரத்துல, தூத்தாம வேருக்குச் சொட்டு சொட்டா விட்டா இதே தண்ணியில புல்லு, மரம் எல்லாம் நல்லா வளரும். மருந்தை நிறுத்தி, மூக்குல விட்டுக்கிட்டா ஆஸ்பத்திரிதான்."

அன்று மத்தியானமே போலீஸ் வந்து ஆவி ஐயாவை அழைத்துப் போனது. பத்தாவது நாள் ஆய்வு முடிவு வந்தது. பழைய தொட்டித் தண்ணீரில் அந்தக் கிருமி அனுமதிக்கப்பட்ட அளவைவிடப் பல நூறு மடங்கு இருந்தது. முடிவு வருவதற்குள் பதினோரு பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார்கள். பத்துப் பேர் திரும்பி வந்தார்கள். ஓய்வுபெற்ற தட்டச்சர் ஒருவர் திரும்பவில்லை. 'குழாய் தெரியுதே' என்று கேட்டவர் அவர்தான். ஆவி ஐயாவின் வக்கீல், தன் கட்சிக்காரர் மேடை ஏறிய நாளிலிருந்து அந்தத் தண்ணீரைத் தொட்டதே இல்லை என்று வாதாடினார். அது உண்மைதான்.

மேலாளரை உடனடியாக மாற்றினார்கள். இப்போது நகராட்சி நீச்சல்குளத்துக்குப் பொறுப்பாக இருக்கிறார்.

அண்ணன் மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. அண்ணி கூடவே நடப்பாள்; அவர் நிற்கும்போது அவளும் நிற்பாள். நாத்தனாரிடம் அவள் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. தினமும் காலையில் சாப்பாட்டை டப்பாவில் போட்டுப் பம்ப் அறைக்குத் தானே கொண்டுவந்து கொடுக்கிறாள். தூவும் முனைகள் போய், சொட்டுக் குழாய் வந்துவிட்டது. குளோரின் சாவி வால்வு அக்காவிடம் இருக்கிறது.

போன வாரம் ஓர் அம்மா பம்ப் அறை வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கையைக் கூப்பினார். பச்சைப் பொத்தான் நாளில் வரிசையில் நின்று அமுக்கியவர்களில் ஒருவர்.

"அக்கா, அந்தப் பொய்யனையே ஓட வெச்ச கை உங்க கை. எனக்கு ரொம்ப நாளா முட்டி வலி. எந்த வால்வைத் திருப்பினா சரியாகும்?"

வால்வு அக்கா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"முட்டிக்கு டாக்டரைப் பாருங்க. வால்வு திருப்பணும்னா கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கு, ரொம்ப நாளா மூடியே கிடக்கு. அதை நீங்கதான் திருப்பணும். துரு பிடிச்சிருக்கும். முதல்ல கொஞ்சம் சத்தம் போடும், பயந்து மறுபடி மூடிடாதீங்க."